உரிமையாளரின் பெருந்தன்மை ஊடகச் சுதந்திரம் ஆகாது

தென்கொரிய ஊடகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே முன்வைக்கப்படும் வாதம் ஒன்று உண்டு. பத்திரிகை முதலாளிகளின் கையில் தொலைக்காட்சியையும் கொடுக்கும் சட்டம் வந்தால் செய்தி செத்துப்போகும் என்று 2009-இல் எதிர்க்கட்சிகளும் ஊடகத் தொழிற்சங்கங்களும் எச்சரித்தன. ஆனால் ஜூங்காங் இல்போ நாளிதழின் குழுமம் நடத்தும் ஜேடிபிசி என்ற கேபிள் தொலைக்காட்சிதான் 2016-இல் அதிபர் பார்க் கியுன்-ஹேயின் ஆட்சியை ஆட்டம் காண வைத்தது. ஆகவே அன்றைய அச்சம் வீண், சட்டம் தன்னைத்தானே நிரூபித்துக்கொண்டுவிட்டது என்று அந்த வாதம் முடியும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் இப்படிப் பேசுவதில் வியப்பில்லை. அன்று எதிர்த்தவர்களிலும் பலர் இன்று இதற்குத் தலையசைப்பதுதான் கவலை தருகிறது. ஜேடிபிசி செய்த பணியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. அந்தப் பணியை 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கில் வரவு வைப்பதைத்தான் மறுக்கிறேன். ஒரு செய்தி அறை சில ஆண்டுகள் சுதந்திரமாக இயங்கியதற்கும், சுதந்திரமாக இயங்கும் உரிமை அதற்கு இருந்ததற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவது உரிமையாளர் தந்தது. இரண்டாவது இன்றுவரை எவரும் தரவில்லை.

சட்டம் பிறந்த விதத்தை முதலில் பார்க்க வேண்டும். கொரியாவில் நாளிதழ்களும் ஒலி, ஒளிபரப்பும் பிரிக்கப்பட்டது 1980-இல். ராணுவத் தளபதி சுன் டூ-ஹுவான் ஆட்சியைப் பிடித்த கையோடு ஊடகங்களைக் கட்டாயமாக இணைத்தார். சாம்சங் குழுமத்தைத் தொடங்கிய லீ பியுங்-சுல் 1964-இல் நிறுவிய டிபிசி ஒளிபரப்பு நிலையமும், தொங்ஆ இல்போவின் வானொலியும் அரசின் ஒளிபரப்பு நிறுவனமான கேபிஎஸ்ஸுக்குள் கரைந்துபோயின. அந்தப் பறிப்பு அநியாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 29 ஆண்டுகள் கழித்து லீ மியுங்-பாக் அரசு வழங்கிய பரிகாரம் அந்த அநியாயத்தைத் திருத்தியதாகத் தெரியவில்லை. 2009 ஜூலை 22 அன்று நாடாளுமன்றத்தில் கைகலப்புக்கு நடுவே ஊடகச் சட்டத் திருத்தங்கள் நிறைவேற்றப்பட்டன. போதிய உறுப்பினர்கள் வாக்களிக்காததால் ஒரு மசோதாவுக்கு இரண்டாம் முறை வாக்கெடுப்பு நடந்தது. ஒருவருக்காக இன்னொருவர் வாக்களித்தார் என்ற புகாரும் எழுந்தது. அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் உறுப்பினர்களின் உரிமை மீறப்பட்டதை ஒப்புக்கொண்டது, ஆனாலும் சட்டத்தைச் செல்லாததாக்க மறுத்தது. 2010 டிசம்பர் கடைசி நாளில் நான்கு நிறுவனங்களுக்கு உரிமம் அறிவிக்கப்பட்டது. சோசன் இல்போ, ஜூங்காங் இல்போ, தொங்ஆ இல்போ, மேஇல் என்ற வணிக நாளிதழ் ஆகியவை தத்தம் தொலைக்காட்சிகளோடு 2011 டிசம்பர் 1 அன்று திரைக்கு வந்தன. செய்தி, நாடகம், கேளிக்கை எல்லாவற்றையும் ஒளிபரப்பும் அனுமதி பெற்ற இவற்றைக் கொரியர்கள் ஜொங்பியோன் என்கிறார்கள்.

ஜேடிபிசி இதற்குள்ளிருந்து எப்படித் தனித்து எழுந்தது என்பதற்கு 2016 அக்டோபரே சாட்சி. சியோலின் காங்நாம் பகுதியில், அதிபரின் அந்தரங்கத் தோழி சொய் சூன்-சில் தொடர்புடைய ஒரு நிறுவனம் காலிசெய்துவிட்டுப் போன அலுவலகத்தில், அக்டோபர் 18 அன்று அதன் நிருபர் ஒரு மேசைக்குள் கைவிடப்பட்ட டேப்லட் கணினியைக் கண்டெடுத்தார். அதில் ஏறத்தாழ 200 கோப்புகள். அவற்றில் 44 அதிபரின் உரைகளும் பேச்சுக் குறிப்புகளும். 2014-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பார்க் ஆற்றிய முக்கியமான உரையின் வரைவு, அவர் அதைப் படிப்பதற்கு முன்பே எந்த அரசுப் பதவியும் இல்லாத அந்தத் தோழியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. சில பகுதிகள் சிவப்பு எழுத்தில் இருந்தன. அக்டோபர் 24 காலையில் அதிபர் நாடாளுமன்றத்தில் அரசமைப்புத் திருத்தம் பற்றி அறிவித்தார். அன்று மாலைச் செய்தியில் ஜேடிபிசி இந்தக் கோப்புகளைக் காட்டியது. மறுநாளே பார்க் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். டிசம்பர் 9 அன்று நாடாளுமன்றம் பதவிநீக்கத் தீர்மானத்தை நிறைவேற்ற, 2017 மார்ச் 10 அன்று அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதை உறுதிசெய்தார்கள். கோப்பு உருவான நாளையும் திறக்கப்பட்ட நாளையும் ஒப்பிட்டு, ஆறு நாட்கள் பொறுத்து, கருவியை அரசு வழக்கறிஞர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் செய்தி சொன்ன அந்த நிதானத்தை எந்த நாட்டு இதழியல் மாணவரும் பாடமாகப் படிக்கலாம். இவ்வளவையும் மனமார ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இதைச் சாதித்தது சட்டமா?

சட்டம்தான் காரணம் என்றால், அதே சட்டத்தில், அதே நாளில், அதே சலுகைகளோடு பிறந்த மற்ற மூன்றும் ஏறக்குறைய இதே பாதையில் போயிருக்க வேண்டும். போகவில்லை. 2013 மே மாதம், 1980-ஆம் ஆண்டு குவாங்ஜு மக்கள் எழுச்சியின் நினைவு நாளை ஒட்டி, டிவி சோசனும் தொங்ஆ இல்போவின் சேனல் ஏ-யும் அந்த எழுச்சியில் வடகொரியச் சிறப்புப் படையினர் ஊடுருவியிருந்தார்கள் என்று கூறியவர்களை மேடையேற்றின. துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரைப் பார்த்துச் சொல்லப்பட்ட அப்பட்டமான பொய் அது. கண்டனம் வெடித்த பிறகே இரண்டும் மன்னிப்புக் கேட்டன. 2017 உரிம மறுஆய்வில் டிவி சோசன் 1,000-க்கு 625.13 புள்ளிகள் மட்டுமே பெற்றது. தேற 650 வேண்டும். ஆனாலும் நிபந்தனைகளோடு உரிமம் நீட்டிக்கப்பட்டது. மேஇல் நாளிதழின் எம்பிஎன், தொடக்க மூலதனத்தை எட்டுவதற்காக ஊழியர்களின் பெயரில் கடன் எடுத்துப் பங்கு வாங்கியது அம்பலமாகி, 2020-இல் ஆறு மாத ஒளிபரப்பு நிறுத்தம் விதிக்கப்பட்டது; நீதிமன்றத் தடையால்தான் அது நடைமுறைக்கு வரவில்லை. நான்கில் ஒன்று நிமிர்ந்து நின்றது என்பதைக் காட்டிச் சட்டத்தைப் புகழ்பவர்கள், மற்ற மூன்றின் பழியையும் அதே சட்டத்தின் மீது சுமத்தத் தயாரா? தயாரில்லை என்றால், ஜேடிபிசியின் பெருமைக்கும் சட்டத்துக்கு வெளியேதான் காரணம் தேட வேண்டும்.

தேடினால் கிடைப்பது ஒரு நியமனம். 2013 மே மாதம் எம்பிசி என்ற பொது ஒளிபரப்பு நிறுவனத்திலிருந்து சொன் சொக்-ஹீ செய்திப் பிரிவின் தலைவராக ஜேடிபிசிக்கு வந்தார். செய்தியில் முழு அதிகாரம் அவருக்கே என்ற உறுதிமொழியின் பேரில் வந்தார். அந்த உறுதிமொழி பெருமளவு காப்பாற்றப்பட்டது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஜூங்காங் குழுமத்தின் அன்றைய தலைவர் ஹொங் சொக்-ஹ்யுன், அன்றைய சாம்சங் தலைவர் லீ குன்-ஹீயின் மைத்துனர். அப்படியிருந்தும் சொன் செய்தி வாசிக்கத் தொடங்கிய அடுத்த மாதமே, 2013 அக்டோபரில், சாம்சங் குழுமத்தில் தொழிற்சங்கம் உருவாகாமல் தடுக்கும் திட்டம் அடங்கிய ஆவணத்தை அவருடைய செய்தி நேரம் தலைப்புச் செய்தியாக்கியது. 2014 ஏப்ரலில் 304 உயிர்களைக் காவுகொண்ட செவோல் கப்பல் விபத்தின்போது, மற்ற நிறுவனங்கள் கிளம்பிப் போன பிறகும் பெங்மொக் துறைமுகத்தில் அதன் நிருபர்கள் மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். சொன் தாமே அங்கிருந்து செய்தி வாசித்தார். பின்னாளில், 2017 ஏப்ரலில், அவரை மாற்றச் சொல்லித் தமக்குப் பலமுறை அழுத்தம் வந்ததாகவும், அதிபரிடமிருந்தே வந்ததாகவும் ஹொங் பொதுவில் சொன்னார். அவர் பணியவில்லை, பாராட்டுக்குரியது. ஆனால் அந்த வாக்குமூலத்தைச் சட்டத்தின் ஆதரவாளர்கள் இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டின் அதிபர் ஒரு செய்தி ஆசிரியரை அகற்ற விரும்பினால் யாரிடம் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு மனிதரிடம். அந்த மனிதர் சரி என்று சொல்லியிருந்தால், மறுப்பதற்கு நிருபர்களுக்கோ நேயர்களுக்கோ சட்டத்தில் எந்தப் பிடிமானமும் இருந்ததில்லை. நீதிபதி நல்லவராக வாய்த்ததால் நீதிமன்றச் சட்டம் தேவையில்லை என்று யாராவது வாதிடுவார்களா?

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பேசுவதற்குச் சட்டத்தின் ஆதரவாளர்கள் விரும்புவதில்லை. ஜேடிபிசி செய்தி நேரத்துக்கு மக்கள் திரண்டது, வேறு எங்கும் போக இடமில்லாமல் போனதால். பொது ஒளிபரப்பு நிறுவனங்களை நொறுக்கியது யார்? பத்திரிகைகளுக்குத் தொலைக்காட்சி கொடுத்த அதே அரசும் அதன் வாரிசும்தான். 2008-இல் கேபிஎஸ் தலைவர் பதவிநீக்கம் செய்யப்பட்டார். 2012-இல் எம்பிசி ஊழியர்கள் 170 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னணியில் நின்றவர்கள் வேலையிழந்தார்கள். செவோல் விபத்தின்போது கடலோரக் காவற்படையை விமரிசிக்க வேண்டாம் என்று அதிபர் அலுவலகமான நீல மாளிகையின் மக்கள் தொடர்புச் செயலர் கேபிஎஸ் செய்தித் தலைவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். ஒளிபரப்புச் சட்டத்தை மீறியதற்காக அவருக்கு விதிக்கப்பட்ட 1 கோடி வொன் அபராதத்தை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பொது ஒளிபரப்பு இப்படி நொறுங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான், 2013-இல், சொன் எம்பிசியை விட்டு வெளியேறினார். 1984-இல் அங்கே சேர்ந்து, 1992 வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்று, வானொலி நேர்காணலிலும் விவாத நிகழ்ச்சியிலும் நாடறிந்தவரானார் அவர். ஜேடிபிசி அறுவடை செய்த நம்பிக்கையைப் பொது ஒளிபரப்புதான் முப்பது ஆண்டுகளாக விளைவித்திருந்தது. பொதுக் கிணற்றைத் தூர்த்துவிட்டுத் தனியார் குழாயில் கூட்டம் சேர்வதைக் காட்டி, பார், மக்களுக்குக் குழாய்தான் பிடிக்கிறது என்று சொல்வதை ஏற்க முடியாது.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது போட்டி பற்றியது. பின்னர் சொய் சூன்-சிலோடு தொடர்புபடுத்தப்பட்ட மீர் அறக்கட்டளைக்குப் பெருநிறுவனங்களிடமிருந்து பணம் திரட்டப்பட்டதை 2016 ஜூலையில் முதலில் வெளிக்கொணர்ந்தது டிவி சோசன்தான்; ஆட்சிக்கு நெருக்கமான பத்திரிகையின் தொலைக்காட்சியே அதைச் செய்ததென்றால் போட்டி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்கிறார்கள். உண்மை, அந்த நிருபர்களுக்கு உரிய பெருமை சேர வேண்டும். ஆனால் தொடர்ந்து நடந்ததையும் பார்க்க வேண்டும். சோசன் இல்போவுக்கும் நீல மாளிகைக்கும் மோதல் முற்றிய ஆகஸ்ட் மாதத்தில், அந்த நாளிதழின் தலையங்கப் பிரிவுத் தலைவர் ஒரு பெருநிறுவனத்தின் உபசரிப்பைப் பெற்றார் என்ற குற்றச்சாட்டை ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுப்பினார். அவர் பதவி விலகினார். டிவி சோசனின் அறக்கட்டளைச் செய்திகள் அதற்குப் பிறகு வேகம் குறைந்தன. ஜேடிபிசி கதவைத் திறந்த மறுநாளே டிவி சோசன் தன்னிடமிருந்த முக்கியமான காட்சிப் பதிவை வெளியிட்டது. செப்டம்பர் 20 அன்று சொய் சூன்-சிலின் பெயரை அறக்கட்டளை விவகாரத்தோடு இணைத்து எழுதியதோ ஹங்கியோரே நாளிதழ். குடிமக்கள் பங்கு போட்டு 1988-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகைக்குத் தொலைக்காட்சி உரிமம் கிடையாது. ஆக, அந்த ஆண்டின் உண்மை மூன்று செய்தி அறைகளின் உழைப்பில் வெளிவந்தது. அதில் ஒன்று 2009 சட்டத்துக்குக் கடன்பட்டதல்ல. இன்னொன்று, உரிமையாளரின் பத்திரிகை அடிபட்டபோது தொலைக்காட்சியும் எப்படி அடங்கிப்போகக்கூடும் என்ற ஐயத்தை எழுப்பியது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் ஒரே வீட்டில் இருந்தால், ஒன்றின் கழுத்தைப் பிடித்தால் இரண்டும் திணறும். 2009-இல் எதிர்த்தவர்களின் அச்சமே இதுதான்.

இரண்டாவது எதிர்வாதம்: அரசின் பிடியிலுள்ள ஒளிபரப்பைவிட முதலாளி மேல், எம்பிசியும் கேபிஎஸ்ஸும் பட்ட பாட்டை நீங்களே சொல்லிவிட்டீர்களே என்பார்கள். பட்ட பாட்டைச் சொன்னேன். மீண்ட கதையையும் சொல்கிறேன். 2014-இல் ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்குப் பின் கேபிஎஸ் தலைவரை அதன் நிர்வாகக் குழுவே நீக்கியது. 2017 நவம்பரில் எம்பிசி தலைவர் நீக்கப்பட்டார். 2012-இல் வேலையிழந்த நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சொய் சுங்-ஹோ அடுத்த மாதமே அந்த நிறுவனத்தின் தலைவரானார். பொது நிறுவனம் கெட்டுப்போகும்போது கேள்வி கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது; நிர்வாகக் குழு, நாடாளுமன்றம், நீதிமன்றம் என்று கதவுகள் இருக்கின்றன. அந்தக் கதவுகள் வழியாகத்தான் அரசுகளும் உள்ளே நுழைகின்றன என்பது மெய். ஆனால் சட்டத்தில் உள்ள ஓட்டையைச் சட்டத்தால் அடைக்கலாம். உரிமையாளரின் மனமாற்றத்தை எதைக் கொண்டு அடைப்பது? 2020 ஜனவரியில் சொன் செய்தி வாசிப்பிலிருந்து விலகியபோது, அவருக்குப் பின் யார், எந்த அதிகாரத்தோடு வருவார் என்பதில் நேயர்களுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 2024 டிசம்பர் 3 இரவு அன்றைய அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தபோது மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கத் திட்டமிட்டதாகக் குற்றப்பத்திரிகை சொல்லும் பட்டியலில் எம்பிசி, ஜேடிபிசி, ஹங்கியோரே, கியுங்ஹியாங் ஆகிய பெயர்கள் இருந்தன. ஒன்று பொது நிறுவனம், ஒன்று பத்திரிகைக் குழுமத்தின் தொலைக்காட்சி, இரண்டு பெருமுதலாளி இல்லாத நாளிதழ்கள். அதிகாரத்தை உறுத்தியது உரிமையின் வகை அல்ல, செய்தி அறையின் முதுகெலும்பு. அப்படியானால் காக்கப்பட வேண்டியதும் அதுதான்.

சொந்தப் பணத்தைப் போட்டவர் விருப்பப்படி நடத்துகிறார், இதில் பொதுமக்களுக்கு என்ன வேலை என்பது மூன்றாவது கேள்வி. ஜேடிபிசி 42,200 கோடி வொன் மூலதனத்தோடு தொடங்கியது. முதல் ஆண்டுகளில் கடும் நட்டமும் கண்டது. அந்தத் துணிச்சலை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தோடு பொதுச் சொத்தும் சேர்ந்தே போடப்பட்டது. கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் அனைத்தும் இந்த நான்கு சேனல்களையும் கட்டாயம் காட்ட வேண்டும் என்ற விதி 2019 இறுதி வரை நீக்கப்படவில்லை. தரைவழி நிலையங்களுக்கு அருகிலேயே, 15 முதல் 19 வரையான எண்களில் அவை இடம்பிடித்தன. விளம்பர இடைத்தரகு அமைப்பின் கட்டுப்பாடு இல்லாமல் சில ஆண்டுகள் நேரடியாக விளம்பரம் பிடிக்க விடப்பட்டன. ஒளிபரப்பு மேம்பாட்டு நிதிக்குப் பங்களிப்பதிலிருந்தும் தொடக்க ஆண்டுகளில் விலக்குப் பெற்றன. பொதுமக்கள் இவ்வளவையும் கொடுத்திருக்கையில், பதிலுக்குச் செய்தி அறையின் தன்னாட்சியைக் கேட்பது அத்துமீறல் ஆகாது. ஸ்கை காசில், தி வேர்ல்ட் ஆஃப் தி மேரிட் போன்ற தொடர்களால் கொரிய நாடகக் கலை வளர்ந்தது என்பதையும், டிவி சோசனின் பாட்டுப் போட்டிகள் முதியவர்களின் இசையை மீட்டெடுத்தன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நல்ல நாடகம் நல்ல செய்திக்கு ஈடாகாது, அவ்வளவுதான்.

எனவே செய்ய வேண்டியது தெளிவு. செய்தித் தலைவரை நியமிக்கும்போது செய்தி அறையின் ஒப்புதல் வேண்டும் என்ற ஏற்பாடு கொரியாவுக்குப் புதிதல்ல. 2017-இல் தனியார் தரைவழி நிறுவனமான எஸ்பிஎஸ்ஸின் நிர்வாகமும் தொழிற்சங்கமும் அப்படியொரு உடன்பாட்டுக்கு வந்தன. தனியார் முதலாளி இதற்கு ஒத்துவரமாட்டார் என்ற பேச்சு அன்றே பொய்த்தது. 2021-இல் நிர்வாகம் அந்த ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டபோது, வெறும் உடன்பாடு போதாது, சட்டம் வேண்டும் என்பதும் தெளிவாயிற்று. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஒளிபரப்புச் சட்டத் திருத்தம் அந்தப் பாடத்தைப் பாதிதான் கற்றது. கேபிஎஸ், எம்பிசி, இபிஎஸ், ஒய்டிஎன், யொன்ஹாப் செய்தித் தொலைக்காட்சி ஆகியவற்றில் செய்தித் தலைவர் நியமனத்துக்கு ஊழியர் ஒப்புதல் கட்டாயமானது. பத்திரிகைக் குழுமங்களின் நான்கு சேனல்களுக்கோ நிகழ்ச்சிக் குழு அமைக்கும் கடமை மட்டும். ஒப்புதல் விதி அவற்றைத் தொடவில்லை. மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் அந்த விதி இல்லை. ஒளிபரப்பு உரிமையும் நாளிதழும் ஒரே குடும்பத்தின் கையில் குவிந்திருக்கும் இடம் அது. அங்கே இதைக் கேட்காமல் விட்டதற்குத் துணைநிற்பது நான் மறுக்கும் அந்த வாதம்தான்: ஜேடிபிசி நன்றாகத்தானே நடந்தது, எதற்குக் கட்டுப்பாடு? ஒப்புதல் விதி இருந்தால் செய்தி அறை தொழிற்சங்கத்தின் ஆட்சிக்குப் போய்விடும் என்றும் அஞ்சுகிறார்கள். பெயரை முன்மொழிபவர் அப்போதும் உரிமையாளரே. ஊழியர்கள் பெறுவது, நேர்மையற்ற ஒருவர் தங்கள் தலையில் கட்டப்படுவதைத் தடுக்கும் வாய்ப்பு மட்டுமே.

2016 அக்டோபரில் அந்த டேப்லட் கணினியை வெளியிட்ட நிருபர்களுக்குக் கொரியா பட்ட கடன் பெரிது. அவர்களைக் கௌரவிப்பதாகச் சொல்லிக்கொண்டு, அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராத சட்டத்துக்கு மாலை போடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்கள் தங்கள் தலைவரின் உறுதியையும், அவருக்கு மேலிருந்த ஒருவரின் மறுப்பையும் நம்பி அந்தச் செய்தியைச் சொன்னார்கள். இரண்டும் அன்று வாய்த்தன. அடுத்த முறை ஒரு நிருபர் அப்படியொரு கோப்பைக் கண்டெடுக்கும்போது அதிபர் மறுபடியும் உரிமையாளரைத்தான் அழைப்பார். அந்த அழைப்புக்கு உரிமையாளர் இணங்கினாலும் செய்தி வெளிவரும் என்ற நிலையை உருவாக்குவதே சட்டத்தின் வேலை. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் செய்யவில்லை, 2025-ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்த நான்கு சேனல்களுக்கு அதைச் செய்யவில்லை. அதைச் செய்து முடிக்கும் வரை, ஜேடிபிசியின் வெற்றியைச் சட்டத்தின் வெற்றி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.